டிராக் ரேஸ்: பின் ஆக்சிலை உடைப்பது குதிரைத்திறனா, டயரின் பிடியா?

கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒரு காரின் பின் ஆக்சில் எத்தனை குதிரைத்திறன் வரை தாங்கும்? அமெரிக்காவில் டிராக் ரேஸ் பக்கம் எட்டிப் பார்க்கும் பலரும் முதலில் கேட்கும் கேள்வி இது. பதிலுக்கும் பஞ்சமில்லை. '400 வரைக்கும் பிரச்சினையே இல்லை' என்பார் ஒருவர். '600 போட்டு ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை' என்பார் இன்னொருவர். '300-லயே ரெண்டு தடவை உடைஞ்சுது' என்பார் மூன்றாமவர்.

மூன்று பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். கேள்விதான் தப்பு.

ஆக்சில் ஷாப்ட் என்பது ஒரு இரும்புத் தண்டு. ஒரு முனையைப் பிடித்துத் திருகும்போது மறு முனை எவ்வளவு எதிர்க்கிறதோ, அவ்வளவு முறுக்கு அதில் ஏறும். எதிர்ப்பே இல்லையென்றால் 1,000 குதிரைத்திறன் எஞ்சினாலும் அந்தத் தண்டை ஒன்றும் செய்ய முடியாது. அந்த எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? தார் ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் டயரிலிருந்து.

டயர்தான் ஃபியூஸ்

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டு ஓட்டம். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும், அவ்வளவுதான். வண்டியின் பின்பாதிக்குச் சோதனைக் காலம் முதல் ஒன்றரை, இரண்டு நொடிதான். அதன் பிறகு கியர் ஏற ஏற ஆக்சிலுக்கு வரும் முறுக்கு குறைந்துகொண்டே போகும்.

1987 ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரை எடுத்துக்கொள்வோம். இந்த விளையாட்டில் பல ஆயிரம் பேர் ஏறி இறங்கிய வண்டி. எஞ்சின் 225 குதிரைத்திறன், டார்க் சுமார் 407 நியூட்டன் மீட்டர். இது கேட்பதற்குப் பெரிதாக இல்லை. ஆனால், ஐந்து கியர் மேனுவல் பெட்டியில் முதல் கியரின் விகிதம் 3.35. பின்னால் டிஃபரென்ஷியலில் 3.08 விகிதம் இருந்தால், இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஆக்சிலுக்கு வந்து சேர்வது சுமார் 4,200 நியூட்டன் மீட்டர். 'இன்னும் சுறுசுறுப்பாகக் கிளம்பட்டும்' என்று 3.73 விகிதப் பற்சக்கரம் மாற்றினால் அது சுமார் 5,080. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. குதிரைத்திறன் அதே 225. ஆக்சிலுக்கு வரக்கூடிய சுமை மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.

சாதாரண ரோடு டயர் இருக்கும்வரை இது காகிதக் கணக்குதான். கிளட்சை விட்டதும் டயர் புகையைக் கக்கிக்கொண்டு சுற்றும். சுற்றும் டயர் பெரிதாக எதிர்க்காது. ஆக்சில் தப்பித்துவிடும். ஓட்டுபவருக்கு எரிச்சலாக இருக்கும், ஆனால் அந்தப் புகைதான் அவருடைய ஆக்சிலுக்கு இன்ஷூரன்ஸ்.

பிறகு ஒருநாள் அவர் டிராக் ரேடியல் டயர் மாட்டுகிறார். அல்லது ஸ்லிக் எனப்படும் வரியில்லாத மென்ரப்பர் டயர். வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று, ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைதான் இது. ஃபியூஸ் இனி போகாது. வேறு ஏதோ ஒன்று எரியும்.

முதல் 60 அடி சொல்லும் சேதி

அப்படியானால் குதிரைத்திறனை விட்டுவிட்டு எதைப் பார்ப்பது? ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கையில் கொடுக்கப்படும் நேரச் சீட்டிலேயே பதில் இருக்கிறது. முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரைக் கடக்க வண்டி எடுத்துக்கொண்ட நேரம் அதில் அச்சாகியிருக்கும். பலர் அதை ஸ்டார்ட் நன்றாக இருந்ததா என்று பார்க்க மட்டும் பயன்படுத்துகிறார்கள். உண்மையில் அது ஆக்சிலின் ரத்த அழுத்த அளவு.

பள்ளியில் படித்த எளிய சூத்திரம் போதும். ஓட்டுநரோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார், 33 செ.மீ. ஆரம் கொண்ட பின் டயர் என்று வைத்துக்கொள்வோம். 60 அடியை 2.0 நொடியில் கடந்தால் சராசரி முடுக்கம் புவியீர்ப்பின் 0.93 மடங்கு. இரண்டு ஷாப்டுகளும் சேர்ந்து தாங்கும் முறுக்கு சுமார் 4,500 நியூட்டன் மீட்டர். 1.8 நொடி என்றால் சுமார் 5,600. 1.6 என்றால் 7,000-க்குச் சற்று மேல். 1.5 என்றால் சுமார் 8,000.

இதெல்லாம் தோராயம்தான். கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே டயர் சில அங்குலம் நகர்ந்திருக்கும். அது கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். மறுபக்கம், இவை சராசரி மட்டுமே. கிளம்பும் அந்தக் கணத்து உச்சம் இதைவிட அதிகம். ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. நேரம் அரை நொடி குறைந்தது. சுமையோ 78 சதவீதம் கூடியது. நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகச் சுமை ஏறுகிறது. '2.0-ல தாங்கிச்சு, 1.6-லயும் தாங்கும்' என்று நினைப்பவர் சுமையை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏற்றிவிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

இரண்டு ஷாப்டும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதும் நல்ல மனதோடு போட்ட கணக்குதான். குறுக்கே ஒரே கூடாக இருக்கும் பின் ஆக்சிலில், முன்னாலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாப்டின் திருகல் இடது சக்கரத்தை அழுத்தி வலது சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். வலதுபக்க டயர் பிடியை இழந்தால், இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் இடதுபக்க ஷாப்ட் பெரும்பங்கைச் சுமக்கும்.

அடியும் அழுத்தமும் ஒன்றல்ல

ஒரே கார், ஒரே டயர், ஒரே 60 அடி நேரம். ஆனாலும் ஒருவருக்கு உடைகிறது, இன்னொருவருக்கு உடையவில்லை. ஏன்? சுத்தியலை ஆணிமீது வைத்து அழுத்துவதற்கும், ஓங்கி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

மேனுவல் வண்டியில் எஞ்சினை 5,000 சுற்றில் உறுமவிட்டு கிளட்சிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், எஞ்சினின் டார்க் மட்டும் பின்னால் போவதில்லை. சுற்றிக்கொண்டிருந்த கனமான ஃப்ளைவீலில் சேமித்து வைத்திருந்த ஆற்றலும் ஒரே கணத்தில் பாய்கிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியும் அந்தக் கணத்தில் 'டங்' என்று மூடிக்கொள்ளும். அந்த ஒரு உச்சம், மேலே போட்ட கணக்கைவிடப் பல மடங்கு மோசமாக இருக்கலாம்.

ஆட்டோமேட்டிக்கில் இடையே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. நின்ற நிலையில் அது டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் வழியாகத் தருவதால் அடி மெத்தையில் விழுகிறது. '600 போட்டு ஓட்டுறேன்' என்றவரின் வண்டி ஆட்டோமேட்டிக்காகவும், '300-லயே உடைஞ்சுது' என்றவரின் வண்டி மேனுவலாகவும் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. டயர் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, பின்பாதியே தவளை மாதிரி குதிக்கத் தொடங்கும். 'வீல் ஹாப்' என்பார்கள். ஒரு நொடிக்குள் பல முறை சம்மட்டி அடி. அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காதவருக்கு எந்தக் கணக்கும் உதவாது.

டாப் ஃப்யூயல் என்ற உச்சப் பிரிவு வண்டிகள் 11,000 குதிரைத்திறனைத் தொடுவதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில்கூட கிளட்ச் ஒரேயடியாகப் பிடிப்பதில்லை. வேண்டுமென்றே வழுக்கவிட்டு, படிப்படியாகத்தான் பிடிக்க வைக்கிறார்கள். அங்கேயே அப்படி என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

ஒரே முறுக்கு, இரண்டு கதை

வண்டியோடு வரும் ஆக்சில்களில் நல்லதும் உண்டு, சோதாவும் உண்டு. 1998 முதல் 2002 வரை வந்த செவர்லே கமாரோ Z28 போன்ற வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்தது '10 போல்ட்' என்று அழைக்கப்படும் ஆக்சில். அதன் பெரிய பற்சக்கரத்தின், நம்ம ஊர் ஒர்க்‌ஷாப் மொழியில் சொன்னால் கிரவுன் வீலின், விட்டம் 7.625 அங்குலம். எஞ்சின் டார்க் சுமார் 454 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவலின் முதல் விகிதம் 2.66, பின்னால் 3.42. பெருக்கினால் 4,100 சொச்சம். மேலே பார்த்த மஸ்டாங்கின் 4,200-க்கு ஏறக்குறைய சமம்.

ஆனால் மஸ்டாங்கில் இருந்தது 8.8 அங்குல கிரவுன். கமாரோவின் 10 போல்ட், மேனுவல் கியரும் பிடிக்கும் டயரும் சேர்ந்தால் பல்லைக் கொட்டிவிடும் என்று பேர் வாங்கியது. மஸ்டாங்கின் 8.8 அங்குல ஆக்சிலோ, 'கொஞ்சம் செலவு செஞ்சா போதும், உழைக்கும்' என்று பேர் வாங்கியது. பழைய எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவியின் 8.8 ஆக்சிலைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எக்ஸ்ப்ளோரரைத் தேடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஷாப்டின் உள்முனையில் நீளவாக்கில் வரி வரியாக வெட்டியிருப்பார்கள், அதுதான் ஸ்ப்லைன். பழைய மஸ்டாங்கில் 28 வரிகள். எக்ஸ்ப்ளோரரில் 31. மூன்று வரி கூடினால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஒவ்வொரு வரியின் அகலமும் ஒன்றே என்பதால், வரி கூடினால் தண்டும் தடிக்கிறது. முறுக்கைத் தாங்கும் திறனோ விட்டத்தின் கன மடங்கில் ஏறும். 28-லிருந்து 31-க்குப் போனால் சுமார் 36 சதவீதம் கூடுதல். 35-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 40-க்குப் போனால் சுமார் 2.9 மடங்கு. உலோகம் ஒன்றாகவே இருந்தாலும் இதுதான் கணக்கு. பந்தயத்துக்கென்று செய்யும் ஷாப்டுகளில் உலோகமும் மேலானது.

ஷாப்டை மட்டும் மாற்றினால் கதை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. அடுத்த பலவீனமான இடம் முன்னுக்கு வரும். 8.8-ல் நடுக் கூடு வார்ப்பிரும்பு. இரண்டு பக்கக் குழாய்களும் அதற்குள் செருகி, சில புள்ளிகளில் மட்டும் வெல்டிங் செய்யப்பட்டவை. ஓங்கி அடித்தால் குழாயே கூட்டுக்குள் திரும்பும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அதைச் சுற்றிலும் வெல்டிங் வைக்கிறார்கள். சங்கிலியின் ஒரு கண்ணியை மாற்றிவிட்டு முழுச் சங்கிலிக்கும் உத்தரவாதம் கொடுப்பது வியாபாரிக்கு லாபம், ஓட்டுபவருக்கு இல்லை.

கம்பெனியே காட்டிய வழி

இந்த விவாதத்துக்கு ஒரு கார் கம்பெனியே ஆதாரம் கொடுத்திருக்கிறது. 2018-ல் வந்த டாட்ஜ் சேலஞ்சர் டீமன். அதற்கு முன்பிருந்த ஹெல்கேட் 707 குதிரைத்திறன். டீமன், உயர் ஆக்டேன் பெட்ரோலில் 840. கால் மைல் 9.65 நொடி. புறப்படும்போது 1.8 ஜி முடுக்கம் என்றது கம்பெனி. முன்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கின.

சுமார் 2,000 கிலோ வண்டி, 1.8 ஜி, அதன் டயர் ஆரம். இவற்றைப் பெருக்கினால் ஆக்சிலுக்குப் போவது சுமார் 12,500 நியூட்டன் மீட்டர். அந்தப் பொறியாளர்கள் எஞ்சினை மட்டும் ஏற்றிவிட்டுக் கையைக் கழுவவில்லை. புரொப்பல்லர் ஷாப்டின் குழாயைத் தடிமனாக்கினார்கள். 41 ஸ்ப்லைன் கொண்ட தடித்த ஹாஃப் ஷாப்ட் போட்டார்கள். டிஃபரென்ஷியல் கூட்டை வெப்பப் பதப்படுத்தினார்கள். அதோடு நிற்காமல், சக்கர வேக சென்சார் வழியாக வீல் ஹாப் தொடங்குவதை உணர்ந்து, மில்லி நொடிகளில் எஞ்சின் டார்க்கைத் திருத்தும் மென்பொருளையும் சேர்த்தார்கள்.

அதாவது, ஒட்டும் டயரை வண்டியோடு கொடுக்க முடிவு செய்ததுமே, பின்பாதி முழுவதையும் மறுபடி கணக்குப் போட்டார்கள். இதே வேலையைத்தான் சொந்தக் காசில் வண்டி மாற்றுகிறவர்கள் கடைசிக்குத் தள்ளிவைக்கிறார்கள். டர்போ முதலில், டயர் அடுத்து, ஆக்சில் 'உடைஞ்சா பாத்துக்கலாம்'.

உடைந்தால் பார்த்துக்கொள்ளலாமா?

இங்கேதான் விஷயம் பணத்தைத் தாண்டிப் போகிறது. மஸ்டாங்கின் 8.8, கமாரோவின் 10 போல்ட் போன்ற பல ஆக்சில்களில், ஷாப்ட் வெளியே வராமல் பிடித்து வைத்திருப்பது டிஃபரென்ஷியலுக்குள் இருக்கும் 'சி' வடிவ கிளிப் ஒன்று. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். கிளிப்புக்கும் சக்கரத்துக்கும் இடையே ஷாப்ட் முறிந்தால், சக்கரத்தைக் காரோடு பிடித்து வைக்க எதுவுமில்லை. டயர், ரிம், மீதித் தண்டு எல்லாம் ஒன்றாக நழுவி வெளியே வரலாம். டிஸ்க் பிரேக் இருந்தால் காலிப்பர் கொஞ்சம் தடுக்கும். டிரம் என்றால் அதுவும் இல்லை.

போதாக்குறைக்கு, இந்த வகையில் வெளிப்புற பேரிங்கின் உருளைகள் ஷாப்டின் மேற்பரப்பிலேயே நேரடியாக ஓடுகின்றன. வருடக்கணக்கில் ஓடி அங்கே பள்ளம் விழுந்திருந்தால், முறிவு தொடங்க அது தோதான இடம்.

1957-ல் அறிமுகமான ஃபோர்டின் 9 அங்குல ஆக்சிலில் இந்தச் சிக்கல் இல்லை. பேரிங் ஷாப்டின்மீது இறுக்கமாக ஏற்றப்பட்டு, கூட்டின் வெளிமுனையில் ஒரு தகடு அதைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே ஸ்ப்லைன் முறிந்தாலும் சக்கரம் வண்டியோடுதான் இருக்கும். வண்டி நின்றுவிடும், ஆள் பிழைத்துக்கொள்வார். இத்தனை வருடம் கழித்தும் பந்தயக்காரர்கள் அந்த வடிவத்தைக் கைவிடாததற்கு அதன் பலம் மட்டும் காரணமில்லை.

அமெரிக்க டிராக் பந்தயங்களை நடத்தும் தேசிய ஹாட் ராட் சங்கம் இதை அறியாமல் இல்லை. கால் மைலை 10.99 நொடி அல்லது அதற்குள் முடிக்கும் வண்டிக்கு, தனியாக வாங்கிப் போட்ட பலமான ஷாப்டும், அதைப் பிடித்து வைக்கும் வெளி அமைப்பும் கட்டாயம் என்பது அதன் பொது விதி. நல்ல விதிதான். ஆனால் அது அளப்பது மொத்த நேரத்தை. ஆக்சிலை முறுக்குவதோ முதல் சில மீட்டர்.

இரண்டு வண்டிகளை ஒப்பிடலாம். ஒன்று, ரோடு டயரில் மெதுவாகக் கிளம்பி, 60 அடியை 1.9 நொடியில் கடந்து, பிறகு டர்போ வேகத்தில் 10.9 நொடியில் முடிக்கிறது. இன்னொன்று, ஒட்டும் டயரில் 1.6 நொடியில் 60 அடியைத் தாண்டி, மேல்வேகம் இல்லாமல் 11.4-ல் முடிக்கிறது. எடை சமமென்றால் இரண்டாவது வண்டியின் ஆக்சில் வாங்கும் சுமை 40 சதவீதம் அதிகம். விதி கேட்பது முதல் வண்டியிடம். இரண்டாவது வண்டி அதே பழைய சி கிளிப்போடு வரிசையில் நிற்கலாம்.

விதியை 60 அடி நேரத்தோடு இணைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. வாசலில் நின்று சோதிப்பவருக்கு அது கஷ்டம் என்பதை ஒத்துக்கத்தான் வேணும். மொத்த நேரம் என்பது எல்லோருக்கும் புரியும் ஒரே கோடு. ஆனால் ஓட்டுபவர் அந்தக் கோட்டைப் பாதுகாப்பு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சக்கரம் கழன்றால் பக்கத்து லேனில் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார். சுவருக்கு அப்பால் குடும்பத்தோடு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

'எனக்கு உடையலையே'

பல வருடம் கம்பெனி ஆக்சிலிலேயே 11 நொடி ஓடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சு ஊரெல்லாம் பரவும். இரண்டாவது வாரமே உடைந்து, வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர் பெரும்பாலும் பேசுவதில்லை. தவிர, இரும்பு ஒரே அடியில் உடைய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒவ்வொரு கடும் புறப்பாடும் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒரு துளி நீட்டும். ஐம்பதாவது முறை உடைந்தால், அந்த ஐம்பதாவது முறை தனியாக எதுவும் செய்யவில்லை. பழைய வண்டியில் வந்த 'கம்பெனி ஷாப்ட்' ஏற்கெனவே யாரிடம், எத்தனை முறை அடி வாங்கியது என்பதும் வாங்கியவருக்குத் தெரியாது.

எனவே, செலவு வரிசையைத் திருப்பிப் போடுவதுதான் சரி. ஒட்டும் டயருக்குப் பணம் ஒதுக்கும் அன்றே, 31 ஸ்ப்லைனோ அதற்கு மேலோ உள்ள ஷாப்டுக்கும், சி கிளிப்பை ஒழிக்கும் மாற்று அமைப்புக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இல்லையா? ரோடு டயரிலேயே புகைவிட்டு ஓட்டுவதில் அவமானம் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஒட்டும் டயரில் ஓட்டிக்கொண்டிருப்பவர் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. டிஃபரென்ஷியலைத் திறந்து கிளிப்பை எடுத்து, ஷாப்டை வெளியே உருவி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். ஸ்ப்லைன் வரிகள் தண்டின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். கயிறு திரித்த மாதிரி லேசாகச் சாய்ந்திருந்தால், அந்தத் தண்டு தன் எல்லையை ஒருமுறை தாண்டித் திரும்பி வந்திருக்கிறது. அதைத் துடைத்து மறுபடி உள்ளே போடக் கூடாது. பழைய இரும்புக் கடைதான் அதற்கு இடம்.